கடைசிகால நாவலை வாசிக்கும் முறை: செங்கலடி வாசகருக்குச் சில அறிவுறுத்தல்கள்

பேராதனையில் புறப்பட்டு, பதுளையைக் கடந்து, மலையிறங்கி வரும் ஏ5 நெடுஞ்சாலை செங்கலடிச் சந்தியில் முடிந்துவிடுகிறது. அரசாங்கக் கணக்குப்படியே நாங்கள் ஒரு முடிவில்தான் குடியிருக்கிறோம். ஆகவே உலக முடிவைப் பற்றிய கிறிஸ்தவ நாவல்களை வாசிக்க எங்களை விடத் தகுதியானவர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் கிடையாது. தகுதி இருந்து என்ன, முறை தெரிய வேண்டாமா? ஒருவர் முதல் பாகம் முடித்த கையோடு வயற்காணியை விற்கத் தரகர் தேடினார். இன்னொருவர் கடைசிப் பாகம் வரை வாசித்துவிட்டு, “சண்டைக் காட்சி போதாது” என்றார். இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம்தான். இப்படி ஆளுக்கொரு பக்கம் கெட்டுப்போவதைத் தடுக்கவே இந்தக் கையேடு.

புத்தகம் பெறுதல்

காசு கொடுத்து வாங்காதீர்கள். இந்த வகை நாவல் தானாக வந்து சேரும். ஸ்காபரோவிலிருந்து லீவில் வரும் சித்தப்பா, சொக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவே தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை உடுப்பால் சுற்றிக் கொண்டுவருவார். முதல் பக்கத்தில் “ஆயத்தமாயிரு” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பார். இங்கிலீஷ் வாசிக்க இயலாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. அதே கதையை ஞாயிறு காலையில் ஒரு பாஸ்டர் உயிரைக் கொடுத்துச் சொல்லுவார், ஒலிபெருக்கியில், இரண்டு மணித்தியாலம். எங்கள் பக்கத்தில் இந்த நாவலைக் காதால் வாசித்தவர்களே கூட.

ஏமி ஜோன்சன் ஃபிரைக்ஹோம் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த நாவல்களின் வாசகர்களைத் தேடிப்போய்ப் பேசி 2004இல் ஒரு நூல் எழுதினார். நாவல் உறவுக்குள்ளும் சபைக்குள்ளும் கைமாறிக் கைமாறிப் போவதையும், வாசிப்பு என்பது தனியாள் காரியமாக இல்லாததையும் அதில் காட்டுகிறார். செங்கலடிக்கு இது புதினமில்லை. சித்தப்பா அடுத்த லீவில் வந்து “வாசிச்சியா?” என்று கேட்பார் என்ற பயத்தை விடப் பலமான இலக்கியத் தூண்டுதல் எது?

கதையைச் சுருக்கமாகத் தெரிந்துவைத்திருங்கள், சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல உதவும். ரிம் லாஹே என்ற போதகரும் ஜெரி ஜென்கின்ஸ் என்ற எழுத்தாளரும் 1995இல் தொடங்கிய ‘லெஃப்ட் பிஹைண்ட்’ தொடர். சிக்காகோவிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் போயிங் 747, நடு இரவு. பயணிகள் பலர் இருந்த இடத்திலேயே மாயமாகிறார்கள். உடுப்பு மட்டும் இருக்கையில் கிடக்கிறது. விசுவாசிகளும் உலகத்துச் சிறுபிள்ளைகள் அத்தனை பேரும் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள். மிஞ்சினவர்களுக்கு ஏழு வருட உபத்திரவம். ருமேனியாவிலிருந்து ஓர் அழகன் எழும்பி ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் ஆகிறான். அவன்தான் அந்திக்கிறிஸ்து. பன்னிரண்டு பாகத்தில் முடிந்த கதைக்கு முன்கதை மூன்று, பின்கதை ஒன்று சேர்த்துப் பதினாறாக்கினார்கள். ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. நியூயோர்க் கோபுரங்கள் விழுந்த 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆகக் கூடுதலாக விற்ற நாவல் இந்தத் தொடரின் ஒன்பதாம் பாகம்.

இதில் இலங்கைக்கு என்ன வேஷம் என்று கேட்பீர்கள். முதல் பாகத்தில் அந்த ருமேனியாக்காரன் ஐ.நா. மேடையில் ஏறி, அங்கத்துவ நாடுகளின் பெயர்களை அகர வரிசையில் மனப்பாடமாக ஒப்புவிக்கிறான். கேட்டவர்கள் மெய்மறந்து எழும்பி நின்று கைதட்டுகிறார்கள். 1955இல் ஐ.நா.வில் சேர்ந்த நாங்களும் அந்தப் பட்டியலில் ஸ்பெயினை ஒட்டி எங்கேயோ வந்துபோயிருக்க வேண்டும். எங்களுடைய பாத்திரம் அவ்வளவுதான். பெயர்ப் பட்டியல் வாசிப்பதைக் கேட்டுச் சனம் சொக்கிப்போகும் என்று நம்புகிற எழுத்தாளர், பாடசாலைப் பரிசளிப்பு விழா ஒன்றுக்கும் போனதில்லைப் போலும்.

முத்திரை தேடுதல்

பதினாறு பாகம் வாசிக்கப் பொறுமை இல்லாதவரும் 666ஐ மட்டும் விடமாட்டார். மிருகத்தின் முத்திரையை வலதுகையிலோ நெற்றியிலோ தரிக்காதவன் கொள்ளவும் விற்கவும் இயலாமற் போவான் என்பது வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்துச் செய்தி. வாசகரின் கடமை அந்த முத்திரையைத் தெருவில் கண்டுபிடிப்பது.

அமெரிக்கர்கள் முதலில் பார்கோட்டைப் பிடித்தார்கள். 1974இல் ஒஹாயோவில் ஒரு கடையில் சூயிங்கம் பொதி ஒன்றை முதன்முதலாக வருடி விற்றார்கள். சில வருடத்துக்குள் அந்தக் கோடுகளின் தலை, நடு, கால் மூன்றிலும் ஒளிந்திருப்பது 6, 6, 6 என்று புத்தகமே வந்துவிட்டது. இலங்கையில் பதிந்த பொருட்களின் பார்கோடு 479 என்று தொடங்கும். கூட்டினால் இருபது, பெருக்கினால் இருநூற்று ஐம்பத்திரண்டு. ஒன்றும் தேறாது. மனம் தளர வேண்டாம், தேடியது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஐசி என்கிற பழைய அடையாள அட்டையை எடுங்கள். இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500ஐக் கூட்டுவார்கள். இனிக் கணக்குப் போடுங்கள்: 1966 ஏப்ரல் 9 தொடக்கம் ஜூலை 17 வரை பிறந்த இலங்கைப் பெண் ஒவ்வொருவரின் அட்டையும் 666 என்றுதான் தொடங்கும். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணுக்கு மாறினாலும் தப்பமுடியாது, 19க்குப் பின்னால் மூன்று ஆறும் வரிசையில் நிற்கும்.

அந்த வயதுப் பெரியம்மாமார் செங்கலடியில் இருக்கிறார்கள். சந்தையில் கத்தரிக்காய் விலை பேசும்போது பாருங்கள். அவர்கள் மனம் வைக்காமல் அங்கே ஒருவரும் கொள்ளவும் முடியாது, விற்கவும் முடியாது. வேதவாக்கியம் எழுத்துப் பிசகாமல் நிறைவேறுகிறது. ஆனால் இந்தக் கண்டுபிடிப்பை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம். “ஆரு மனே சொன்ன, என்ட ஐசியில பேய் இருக்கெண்டு?” என்று கேட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வருவார்கள். அதற்குப் பிறகு வரும் உபத்திரவத்துக்கு ஏழு வருடம் போதாது.

படித்த வாசகர் ஒருவர் இடைமறிக்கலாம். எகிப்தின் ஒக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த பழைய பப்பிரசுத் துண்டு ஒன்றில் 666க்குப் பதிலாக 616 என்றுதானே இருக்கிறது என்பார். உண்மைதான். இரண்டாம் நூற்றாண்டிலேயே இரனேயு என்ற ஆயர் இந்த வித்தியாசத்தை அறிந்து, 616காரரைக் கண்டித்து எழுதியிருக்கிறார். நீரோ மன்னனின் பெயரை எபிரேய எழுத்தில் எழுதி எண்ணாக்கினால் ஒருவகையில் 666, கடைசி எழுத்தை விட்டால் 616 வருவதாகப் பல அறிஞர்கள் காட்டுகிறார்கள். எழுதியவரின் கண் தன் காலத்து ரோமாபுரி மேல் இருந்ததற்கு அது சாட்சி. எங்களுக்கு ஆக வேண்டிய காரியம் வேறு. 616தான் சரி என்றால் 1961இல் அதே மாதங்களில் பிறந்த பெண்களின் ஐசி அப்படித் தொடங்கும். மிருகம் இந்தப் பெரியம்மா இல்லை, ஐந்து வயது மூத்த அக்கா. தேடுதலை நிறுத்த வேண்டியதில்லை.

எங்கள் நாட்டில் வாசகர்கள் உண்மையாகவே திடுக்கிட்ட காலம் 2022. ஓகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து கியூ.ஆர். இல்லாமல் பெற்றோல் இல்லை என்றது அரசாங்கம். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர், ஓட்டோவுக்கு ஐந்து. கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் காட்டாதவன் செட்டில் ஒரு துளியும் வாங்க முடியாது. பதின்மூன்றாம் அதிகாரம் பெற்றோல் செட் வாசலில் வந்து நின்றது போல இருந்தது. இந்தச் சந்தர்ப்பத்தில் கைக்கொள்ள வேண்டிய முறை: முதல் நாள் வட்ஸ்அப்பில் “இதுதான் முத்திரை, தரிக்காதீர்கள்” என்று எல்லாருக்கும் அனுப்புங்கள். இரண்டாம் நாள் பதிவுசெய்து எடுங்கள். மூன்றாம் நாள் அதை அச்சடித்து, லெமினேட் பண்ணி, சாவியோடு கோத்துவிடுங்கள். 2023 செப்டெம்பரில் அந்த முறையை அரசாங்கமே நிறுத்திவிட்டது. அந்திக்கிறிஸ்து தன் முத்திரையைத் தானே வாபஸ் வாங்கும் காட்சி பதினாறு பாகத்திலும் இல்லை.

திகதி குறித்தல்

இதில் அதிகம் சொல்வதற்கில்லை. குறிக்காதீர்கள். குறித்தே தீருவேன் என்பவர் முன்னோர்களைப் பார்த்துப் பழகுங்கள். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க விவசாயியின் பேச்சை நம்பியவர்கள் 1844 ஒக்ரோபர் 22 இரவு முழுக்கக் காத்திருந்தார்கள். ஹால் லின்ட்ஸி 1970இல் எழுதிய புத்தகம் ஐரோப்பியப் பொதுச்சந்தையைப் பத்துக் கொம்பு மிருகத்தோடு சேர்த்துவைத்தது. 1981இல் கிரேக்கம் பத்தாவது கொம்பாகச் சேர்ந்தபோது வாசகர்கள் புல்லரித்துப்போனார்கள். 1986இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் வந்து கொம்பு பன்னிரண்டாகிவிட்டது. எட்கர் விசெனன்ட் என்ற பொறியியலாளர் 1988இல்தான் எல்லாம் முடியும் என்று 88 காரணங்கள் காட்டினார். முடியாததால் அடுத்த வருடத்துக்குப் புதிதாகக் காரணம் காட்டினார். 1988 செப்டெம்பரில் மட்டக்களப்பு வீதிகளில் இந்திய அமைதிப்படையின் சோதனைச் சாவடிகள் இருந்தன. ஐசியை மறந்துவிட்டு வெளியே போன ஒருவருக்கு முடிவு வர எண்பத்தெட்டுக் காரணம் தேவைப்படவில்லை.

தமிழர் நாங்கள் இதில் பின்தங்கியவர்கள் இல்லை. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யூஸ்துஸ் ஜோசப், திருவிதாங்கூரில் 1870களில் எழும்பிய ஓர் எழுப்புதலின் தலைவர். 1881இல் கிறிஸ்து வருவார் என்று அவருடைய கூட்டம் காத்திருந்தது. வரவில்லை. அவர் மலையாளத்தில் கட்டிய பாட்டுகளைக் கேரளத்துச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அதில் பேர்பெற்ற ஒன்று, காதலனைப் பார்த்து ஏன் இந்தத் தாமதம் என்று கேட்கிற பாட்டு. திகதி குறிக்கத்தான் வேண்டும் என்றால், கூடவே நாலு நல்ல பாட்டும் எழுதிவையுங்கள். பிழைத்துக்கிடப்பது அதுதான்.

வீட்டில் ஒருவரும் இல்லையென்றால்

சிறுவயதில் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களின் பொதுவான அனுபவம் இது: பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு வெறிச்சென்று இருக்கும். “அம்மாவை எடுத்திட்டாங்க, நான் மட்டும் மிஞ்சிட்டன்” என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு 1972இல் வந்த ‘எ தீஃப் இன் த நைட்’ என்ற படமே அந்தப் பயத்தை ஊட்டப் போதுமானதாக இருந்தது. அங்கே வீட்டுக்கு வீடு தூரம், விசாரிக்க ஆளில்லை. செங்கலடியில் அழத் தொடங்குமுன் பின்வருவனவற்றைச் சரிபாருங்கள். கிணற்றடி. பக்கத்து வளவு. கண்ணகி அம்மன் கோயிலில் சடங்கு நாளா? சமுர்த்திக் கூட்டமா? யாராவது செத்த வீடா? பெரும்பாலும் இதற்குள் அம்மா அகப்படுவார். அகப்படாவிட்டால் அடுப்பைப் பாருங்கள். சோறு வெந்துகொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். அடுப்பை நூர்க்காமல் பரலோகம் போகும் பெண் மட்டக்களப்பில் பிறக்கவில்லை.

எக்காளச் சத்தத்திலும் அவதானம் தேவை. விடிய நாலரைக்குக் கேட்பது ஏறாவூர்ப் பள்ளிவாசல் பாங்கு. தூரத்தில் நீளமாக ஊதுவது கொழும்பு ரயில். பின்னேரம் இனிமையாகக் கேட்டு, கிட்ட வந்து, உங்கள் கேற்றடியில் நிற்பது பாண் ஓட்டோ. பேத்தோவனின் மெட்டு அது. அதற்கு ஆயத்தமாக ஓடிவருகிறவர்களைப் போல வருகைக்கு ஆயத்தமானவர்களை எந்தச் சபையிலும் காணமுடியாது.

மாடு எருமை வைத்திருப்பவர் கேட்கும் கேள்வி நியாயமானது: நான் எடுபட்டுப் போனால் பால் கறப்பது யார்? அமெரிக்காவில் 2009இல் நாத்திகர் ஒருவர், விசுவாசிகள் போன பிறகு அவர்களின் நாய் பூனைகளைப் பராமரிக்க 110 டொலர் என்று விளம்பரம் செய்தார். பிறகு எல்லாம் பகிடிக்கு என்று தானே ஒத்துக்கொண்டார். செங்கலடியில் இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. அடுத்த வளவுச் சைவக்காரர் எப்படியும் இருப்பார், கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவரை நரகத்துக்குப் போகிறவர் என்று சபையில் சொன்னது அவர் காதுக்கு எட்டாதிருக்கட்டும்.

மறக்க வேண்டியவை

இந்த நாவல்களை முழுச் சுவையோடு வாசிக்க எங்கள் பக்கத்து வாசகர் சில விடயங்களை மறந்தாக வேண்டும். சிக்காகோ வாசகருக்கு இந்தச் சிரமம் இல்லை.

1978 நவம்பர் 23ஐ மறவுங்கள். அன்றிரவு அடித்த சூறாவளியில் மாவட்டத்தின் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்தன. “சூறாவளிக்கு முதல்”, “சூறாவளிக்குப் பிறகு” என்று பிள்ளைகளின் வயது சொல்லும் பெத்தாமார் இன்னும் இருக்கிறார்கள். கதையில் பூமியதிரும் பாகத்தை அவர்களுக்குச் சொல்லிக் காட்டாதீர்கள். “மறுகா?” என்று கேட்பார்கள். மறுகா கூரை மேய்வதும் நாற்று நடுவதும் நாவலில் வராது.

1990ஐ மறவுங்கள். இது கஷ்டம், ஏனென்றால் நாவலின் முதற்காட்சியே ஆட்கள் காணாமற்போவதுதான். அந்த வருடம் ஓகஸ்ட் நடுவில் ஏறாவூரில் இரவோடிரவாகப் புலிகள் வீடு புகுந்து நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள். அதே கிழமை, ஓகஸ்ட் 15, யூஜின் ஹேபர்ட் என்ற யேசுசபைக் குருவானவர் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். லூசியானாவில் பிறந்து 1948இல் இங்கு வந்தவர், புனித மிக்கேல் கல்லூரிப் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். எங்கள் சந்தியைத் தாண்டிப் போகிற வீதி அது. அவரும் கூடப்போன ஓர் இளைஞரும் வந்து சேரவில்லை. கத்தோலிக்கருக்கு அது மரியாள் விண்ணுக்கு எடுக்கப்பட்ட திருநாள். எடுபட்டுப்போன அமெரிக்கர் ஒருவரைத் தேடி நாவலின் விமானம் வரை போகத் தேவையில்லை.

மூன்று கிழமை கழித்து, செப்டெம்பர் 5. செங்கலடிக்குப் பக்கத்து வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாக இருந்தது. இராணுவம் வந்து 158 பேரைக் கொண்டுபோனது. ஒருவரும் திரும்பவில்லை. கதையில் எடுத்துக்கொள்ளப்பட்டவரின் சட்டையும் மணிக்கூடும் இருக்கையில் கிடக்கும், எங்கே போனார் என்று பாஸ்டர் விட்டுப்போன வீடியோ விளக்கமும் சொல்லும். இங்கே தாய்மார் படத்தைச் சட்டம் போட்டு ஆணைக்குழுவுக்கு ஆணைக்குழு தூக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

2004 டிசெம்பர் 26இன் சுனாமியையும் மறவுங்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலய முற்றத்தில் வெடித்த குண்டையும் மறவுங்கள். நாவலில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் எல்லாரையும் ஒரு கீறலும் படாமல் முதல் அத்தியாயத்திலேயே எடுத்துவிடுகிறார் கடவுள். ஞாயிறு பள்ளி முடிந்து அந்த முற்றத்தில் நின்ற பிள்ளைகளின் தாய் ஒருவர் அந்த அத்தியாயத்தை எப்படி வாசிப்பார் என்று கேட்டுக்கொண்டிருந்தால் மேற்கொண்டு பக்கம் புரளாது.

விசுவாசிகள் உபத்திரவத்துக்கு முன்னமே எடுபட்டுவிடுவார்கள் என்ற வரிசைக்கிரமத்தைப் பரப்பியவர் ஜோன் நெல்சன் டார்பி, 1830களில். அதை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது 1909இல் அச்சான ஸ்கோஃபீல்டின் வேதாகமக் குறிப்புகள். வெளிப்படுத்தின விசேஷத்தை முதலில் கையில் வாங்கிய ஏழு சபைகளில் ஒன்றான சிமிர்னாவுக்கு அதில் சொல்லப்பட்டதோ, உபத்திரவம் வரும், சாகும்வரை உண்மையாயிரு என்பது. தப்பிப்போக விமானம் ஒன்றும் காட்டப்படவில்லை. அந்த ஊர்ச் சனத்துக்கும் எங்களுக்கும் பேச நிறைய இருந்திருக்கும்.

இந்த இடத்தில் கையேட்டுக்கு அடங்காத வாசகி ஒருத்தியைச் சொல்ல வேண்டும். பின்வரிசையில் வெள்ளைச் சேலையில் இருப்பார். பாஸ்டர் “வருகை சமீபம்” என்றதும் உரக்க “ஆமென்” சொல்லுவார். அவருக்கு அந்திக்கிறிஸ்து எந்த நாட்டான் என்பதில் அக்கறை இல்லை, பத்துக் கொம்பை எண்ணியதும் இல்லை. கொண்டுபோன மகனை அன்றைக்குக் காணலாம், அவ்வளவுதான் அவருக்கு அந்தக் கதை. இந்தப் போதனை முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கும் தெசலோனிக்கேயர் நிருபத்து நாலாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பவுல் அதை எழுதியது செத்துப்போனவர்களை நினைத்துத் துக்கித்தவர்களுக்கு. ஆறு கோடிப் பிரதி வாங்கியவர்களை விட அந்த நிருபத்தைச் சரியாக வாசிக்கிறவர் பின்வரிசையில் இருக்கிறார் என்பது என் கட்சி. அவருக்கு அறிவுறுத்தல் ஒன்றும் தேவையில்லை. மற்றவர்கள் தொடரலாம்.

தர்க்கித்தல்

வாசித்து முடித்ததும் சண்டை பிடிக்க வேண்டும், அது மரபு. ஆட்களைச் சரியாகத் தெரிவுசெய்யுங்கள். வில்லியம் ஓல்ட் 1814இல் வந்து இறங்கிய நாளிலிருந்து மட்டக்களப்பில் வேரூன்றிய மெதடிஸ்தர், “அதெல்லாம் அடையாள மொழி தம்பி” என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றிவிடுவார், சண்டை சூடேறாது. கத்தோலிக்கர் திருநாள் வேலையில் இருப்பார். 1920களில் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்து மிஷனின் வெள்ளுடை ஊழியரிடம் போனால் நாவல் வாசித்ததற்கே கண்டிப்பு விழும். ‘காவற்கோபுரம்’ கொண்டுவரும் யெகோவாவின் சாட்சியிடம், முடிவு வரும் என்று அவர்கள் காத்திருந்த 1975 பற்றிக் கேட்காதீர்கள், பாவம். நல்ல எதிராளி இன்னொரு பெந்தெகொஸ்துக்காரர்தான். எடுபடுவது உபத்திரவத்துக்கு முன்னா, நடுவிலா, பின்னா என்று கேட்டுவிட்டால் போதும், மின்சாரம் நின்றாலும் பேச்சு நிற்காது.

ஏறாவூர் நண்பரை இழுக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. அவரிடம் தஜ்ஜால் இருக்கிறான், யஃஜூஜ் மஃஜூஜ் இருக்கிறது, கியாமத்தின் அடையாளங்கள் சிறிதும் பெரிதுமாக வரிசையில் இருக்கின்றன, ஈஸா நபி இறங்கி வருவதும் இருக்கிறது. உங்கள் ருமேனியாக்காரன் அங்கே ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கமாட்டான். சைவ நண்பரிடம் போனால் கலியுகம் முடிய இன்னும் நாலு இலட்சத்துச் சொச்சம் வருடம் இருக்கிறது என்று சொல்லி, அவசரமில்லாமல் வெற்றிலை மடிப்பார்.

சண்டையை எப்படி நடத்துவது என்பதற்கு மூன்றாம் நூற்றாண்டில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. எகிப்தின் அர்சினோயே பகுதிக் கிராமங்களில், நேப்போஸ் என்ற ஆயர் எழுதிய புத்தகம் ஒன்றை வாசித்துவிட்டு, ஆயிரவருட அரசாட்சி பூமியிலே அப்படியே வரும் என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. எழுதியவர் அதற்குள் செத்துப்போனார். அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு நேரே அந்த ஊருக்குப் போனார். மூப்பர்களையும் போதகர்களையும் கூப்பிட்டு இருத்தி, புத்தகத்தை நடுவில் வைத்து, மூன்று நாள் காலை முதல் பொழுதுபடும் வரை பேசினார். ஒருவரையும் சபையைவிட்டுத் தள்ளவில்லை. எழுதியவர் மேல் தனக்குள்ள மரியாதையையும் மறைக்கவில்லை. அந்த ஊர்க்காரர் பொறுமையாகக் கேட்டதைப் பின்னால் மெச்சியும் எழுதினார். எதிர்க்கட்சித் தலைவர் கடைசியில் ஒத்துக்கொண்டாராம். வட்ஸ்அப் குழுவில் இதை முயன்று பார்க்காதீர்கள், அங்கே மூன்றாம் நிமிடத்திலேயே யாராவது குழுவை விட்டுப் போய்விடுவார்கள்.

எழுத்தாளரிடம் முறையிடுதல்

வாசித்தது பிடிக்கவில்லை என்றால் எழுதியவருக்கே அறிவிப்பது வாசகரின் உரிமை. அது பலிக்கும் என்பதற்குச் சாட்சி உண்டு. இங்கிலாந்தின் றொபர்ட் ஹியூ பென்சன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் 1907இல் ‘லோர்ட் ஒஃப் த வேர்ல்ட்’ என்ற நாவலை எழுதினார். அதிலும் அந்திக்கிறிஸ்து உண்டு, ஆனால் ஒருவரும் முன்கூட்டி எடுபடுவதில்லை. திருச்சபை சுருங்கிச் சுருங்கி ஒரு சிறு கூட்டமாகி, கடைசிவரை நின்று அழிகிறது. அதோடு உலகமும் முடிகிறது. 2015 ஜனவரியில் மடுவுக்கு வந்து போன பாப்பரசர் பிரான்சிஸ், பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பும் விமானத்தில் பத்திரிகையாளருக்குச் சிபாரிசு செய்த நாவல் அதுதான். செங்கலடி வாசகருக்கு நானும் அதையே சிபாரிசு செய்வேன். எங்கள் ஊரில் படித்தால் நம்பும்படி இருக்கிற கடைசிகாலம் அது.

பென்சனின் வாசகர்கள் அப்படி நினைக்கவில்லை. மனம் உடைந்துபோகிறது, நம்பிக்கையுள்ள கிறிஸ்தவருக்கு இது தகாது என்று முறையிட்டார்கள். அவரும் மசிந்து, 1911இல் ‘த டோன் ஒஃப் ஓல்’ என்று இன்னொரு நாவல் எழுதி, முன்னுரையில் அந்த முறைப்பாட்டைக் குறிப்பிட்டுமிருக்கிறார். அதில் உலகம் முழுக்கக் கத்தோலிக்கமாகி எல்லாம் நல்லபடி நடக்கிறது. வாசகர் கேட்டபடியே எழுதிக் கொடுத்த புத்தகம். பாப்பரசர் விமானத்தில் அதைச் சிபாரிசு செய்யவில்லை.